சர்வே எண் போட்ட ஆராய்ச்சிக் கட்டுரை

முத்துப்பேட்டைக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் எங்கள் ஊர். வந்து சேரும் என்பது அரசாங்கக் கணக்கு. பல வருடங்களில் வாய்க்காலில் நல்ல தண்ணீர் வருவதற்கு முன்பே கடலிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறி வந்துவிடும். அந்த உப்பில் அப்பாவும் அம்மாவும் நாலு மா நிலத்தை, அதாவது ஒன்றேகால் ஏக்கர் சொச்சத்தை, குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டார்கள். அதற்கு முன்னால் இருவரும் அதே நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர்கள். வேலையில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. பயிர் கருகினால் கவலைப்பட வேண்டியவர்கள் மட்டும் மாறியிருந்தார்கள்.

அப்பா கூலிப் போராட்டக் காலத்தில் செங்கொடி பிடித்தவர். எனக்கு நினைவு தெரிந்து அவர் பஸ் ஏறிப் போனது இரண்டே இடங்களுக்குத்தான்: மாநாட்டுக்கும் சப்ஜெயிலுக்கும். குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்தபோது ஊரில் தோரணம் கட்டினார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாரின் காரியஸ்தர் களத்துமேட்டில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பதிஞ்சுக்கங்கப்பா, தாராளமா பதிஞ்சுக்கங்க. பதிஞ்சவன் அடுத்த போகத்துக்கு ஏர் கட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வர வேணாம்."

அப்பா பதியவில்லை. கூலிக்காகச் சிறைக்குப் போன மனிதர், நிலம் போய்விடும் என்ற பயத்தில் தாலுகா ஆபீஸ் வரை போகவில்லை. அதற்குப் பிறகு ஆட்சிகள் மாறின. தாசில்தாரின் தலைக்கு மேலே சுவரில் அதே ஆணியில் வேறு வேறு முதல்வர்களின் படங்கள் தொங்கின. எந்தக் கட்சி வந்தாலும் சட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது. பதிவேட்டில் மட்டும் நாங்கள் இல்லை.

அப்பா நான் கல்லூரியில் படிக்கும்போது இறந்துபோனார். அம்மா தனியாகப் பயிர் செய்தாள். நான் அரசு விடுதியிலும் உதவித்தொகையிலும் படித்து, விவசாயப் பட்டம் வாங்கி, பிறகு மூலக்கூறு உயிரியலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். என்ன படிக்கிறாய் என்று அம்மா கேட்டபோது எனக்குத் தெரிந்த அளவுக்கு எளிமையாகச் சொன்னேன்.

"நெல்லுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்குறேம்மா."

"என்ன எழுதியிருக்கு?"

"இன்னும் தெரியல."

"சம்பளம் குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்க."

"அப்ப மெதுவா பாரு."

நான் மெதுவாகத்தான் பார்த்தேன். எங்கள் ஆய்வகத்தில் மின்சாரம் தன் விருப்பப்படி வரும், போகும். திரவ நைட்ரஜன் வருகிறது என்றால் அன்று எங்களுக்குத் திருவிழா. நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: உப்பைத் தாங்கும் நெல்லில் அந்தக் குணம் எந்த மரபணுவோடு சேர்ந்து வருகிறது? அதற்கு எங்கள் வயலில் விளைந்த குழியடிச்சானைவிட நல்ல நெல் எனக்குத் தெரியவில்லை. சிவப்பரிசி, சமைத்தால் லேசில் வேகாது, ஆனால் உப்பு பூத்த மண்ணில் மற்றதெல்லாம் மஞ்சளடிக்கும்போது அது மட்டும் பச்சையாக நிற்கும்.

விதை எடுக்கப் போன அன்று எங்கள் துறைத் தலைவரும் கூட வந்தார். தஞ்சாவூர் நகரத்தில் பிறந்து வளர்ந்த பேராசிரியர். நெல்லைப் பற்றி நிறைய எழுதியிருந்தாலும் நெல் வயலில் அதிகம் இறங்கியதில்லை. அன்றைக்கும் இறங்குவதாக அவர் எண்ணியிருக்கவில்லை. பளபளப்பான ஷூவோடு வரப்பில் நடந்துவந்தவர் கால் வழுக்கி முழங்கால் ஆழச் சேற்றில் இறங்கிவிட்டார். நானும் அம்மாவும் இரண்டு கைகளைப் பிடித்துத் தூக்கியதில் மனிதர் வந்தார், இடது ஷூ வரவில்லை. அம்மா சேற்றுக்குள் தோள்வரை கைவிட்டுத் தேடி அதை எடுத்து, வாய்க்காலில் அலசிக் கொடுத்தாள்.

"இத வெளிய யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்மா" என்று திரும்பும் வழியில் ஜீப்பில் என்னிடம் சொன்னார். நானும் சொல்லவில்லை. கதிர்களை அறுத்து, உறைகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் குறிப்பு எழுதியது நான். அவர் மீதி நேரம் முழுவதும் ஜீப்பில் ஒற்றைக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பின் மூன்று வருட வேலை. கட்டுரையை எழுதி முடித்து அவர் மேசையில் வைத்தேன். இரண்டு நாளில் திருத்தம் செய்து திருப்பிக் கொடுத்தார். திருத்தம் ஒன்றே ஒன்றுதான். ஆசிரியர் வரிசையில் இரண்டாவதாக இருந்த அவர் பெயர் முதலாவதாகவும், முதலாவதாக இருந்த என் பெயர் இரண்டாவதாகவும் மாறியிருந்தன. 'விதைகள் முதல் ஆசிரியரால் நேரடியாகச் சேகரிக்கப்பட்டன' என்று நான் என்னைப் பற்றி எழுதியிருந்த வாக்கியத்தை அவர் தொடவில்லை. தொடவே தேவையில்லாமல் அது அவரைப் பற்றியதாக ஆகிவிட்டது.

நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒப்பந்த வேலையில் இருந்தவளுக்கு அதற்கு மேல் எதிர்ப்புத் தெரிவிக்க வழியும் இல்லை.

வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். கட்டுரையைப் பரிசீலித்த பெயர் தெரியாத யாரோ ஒருவர் நிறையக் கேள்விகள் கேட்டிருந்தார். அதில் ஒன்று என்னைக் கோபப்படுத்தியது: 'கடலோரத்து வயல்' என்றால் எந்த வயல்? சரியாக எந்த இடம்? யார் பயிரிடுகிறார்கள்? எத்தனை வருடமாக இந்த நெல் அங்கே தொடர்ந்து விளைகிறது? இவ்வளவு தூரம் தாண்டி உட்கார்ந்துகொண்டு என் அம்மாவின் வயலை நம்ப மறுக்கிறாரே என்று இருந்தது. கோபத்தில் எல்லாவற்றையும் கட்டுரையிலேயே எழுதினேன். ஊர், வட்டம், சர்வே எண், உட்பிரிவு எண், பன்னிரண்டு வருடமாக இதே நெல்லைக் குத்தகையில் பயிரிட்டு வரும் விவசாயியின் பெயர். அதாவது அம்மாவின் பெயர். கட்டுரை வெளிவந்தது. அச்சுப் பிரதி ஒன்றை ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் அவள் பெயர் இருக்கும் வரியைக் காட்டினேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றாள். பெட்டிக்குள் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் கட்டுரையில் குறிப்பிட்டால் அதற்கு மேற்கோள் என்று பெயர். எங்கள் தொழிலில் ஒருவருடைய பெருமை, பதவி, விருது எல்லாம் அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. அதைத் தெரிந்துகொள்ள அப்போது கணினி கிடையாது. சென்னையில் ஒரு நூலகத்தில் தலையணை அளவுப் புத்தகங்கள் இருக்கும். கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில், யாரை யார் குறிப்பிட்டார்கள் என்ற பட்டியல். ஒவ்வொரு முறை சென்னை போகும்போதும் துறைத் தலைவர் எனக்கு அதைப் பார்த்துவரும் வேலையைக் கொடுப்பார். பட்டியல் முதல் ஆசிரியரின் பெயரில்தான் இருக்கும் என்பதால், என் கட்டுரையின் கதியை அவர் பெயருக்குக் கீழேதான் தேட வேண்டும். நான்கு வருடங்களில் ஆறு மேற்கோள்கள். அதில் நான்கு எங்களுடையவை. நாங்களே எங்களைக் குறிப்பிட்டுக்கொண்டவை. ஐந்தாவது, எங்கள் முறை தவறு என்றது. ஆறாவது, எங்கள் நெல்லை வேறு நாட்டு நெல் என்று எழுதியிருந்தது.

"மொத்தம் ஆறுன்னு மட்டும் எழுதும்மா" என்றார் துறைத் தலைவர். "யாரு, எதுக்குன்னு எவன் பாக்கப்போறான்?"

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் இறால் பண்ணைகள் வந்தன. கடலோரத்து நிலங்களைக் கம்பெனிகள் வாங்கிக் குட்டை வெட்டின. மிராசுதார் காலமாகி, வெளியூரில் இருந்த அவர் மகன் நிலத்தை மொத்தமாக விற்க ஏற்பாடு செய்தார். காரியஸ்தர் அம்மாவிடம் வந்து, இந்த அறுவடையோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

"நான் சாகுபடி பண்ற நிலமுங்க இது" என்றாள் அம்மா.

"எங்க எழுதியிருக்கு?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. கிராமக் கணக்கான அடங்கலில் பத்து வருடமாக அந்த நிலம் 'உப்பு பாரித்த தரிசு' என்று இருந்தது. குத்தகை நெல்லை வருடா வருடம் களத்திலேயே அளந்து கொடுத்ததற்கு ரசீது கிடையாது. அம்மா சாகுபடிதாரராகப் பதியச் சொல்லி மனுக் கொடுத்தாள். அப்பா போகப் பயந்த தாலுகா ஆபீஸுக்கு அவர் செத்துப் பல வருடம் கழித்து அவள் தனியாகப் போனாள். எனக்குக் கடிதம்கூடப் போடவில்லை. விவசாயிகள் சங்கத்தின் வக்கீல் ஒருவர் ஏதாவது ஒரு காகிதம் வேண்டும் என்று கேட்டபோது, பெட்டியைத் திறந்து எங்கள் கட்டுரையை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அவர் எனக்கு ஆய்வகத்துக்கே போன் செய்தார். "இதுல சர்வே நம்பர்லாம் இருக்கேம்மா! யாரு போடச் சொன்னது?"

"தெரியலைங்க. யாரோ வெளிநாட்டுக்காரர் கேட்டாரு."

"நல்லா இருக்கட்டும்" என்றார் வக்கீல்.

விசாரணைக்கு நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பதிவு அலுவலர் ஆங்கிலக் கட்டுரைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு கேட்டிருந்தார். வக்கீலின் குமாஸ்தா அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்திருந்தார். மரபணுவின் வெளிப்பாடு என்று வர வேண்டிய இடங்களிலெல்லாம் 'மரபணுவின் முகபாவம்' என்று இருந்தது. அலுவலர் அதைப் பொறுமையாக வாசித்துவிட்டு, முகபாவம் பற்றி ஒன்றும் கேட்காமல், சர்வே எண்ணின் கீழ் மட்டும் பென்சிலால் கோடு போட்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "ஐயா, இத எழுதினது மனுதாரரோட சொந்த மக. மக எழுதுறதுல அம்மா பேரு வரத்தான் செய்யும். இது சாட்சியமா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆறில் நான்கு மேற்கோளை நாங்களே போட்டுக்கொண்டதை யாரோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது. எங்கள் வக்கீல் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மொத பேரு யாரோடது?"

"எங்க துறைத் தலைவரோடது."

"விதைய எடுத்தது மொத ஆசிரியர்னு போட்டிருக்கே. அப்ப அவருதானே எடுத்தாரு?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். நல்ல கிள்ளு, இரண்டு நாள் தடம் இருந்தது.

"அவர அடுத்த வாய்தாவுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார் வக்கீல்.

துறைத் தலைவர் முதலில் பதறினார். கோர்ட்டு, கச்சேரி என்று தனக்கு எதுவும் ஆகாது, ஓய்வுபெறும் வயதில் எதற்கு என்றார். நான் கெஞ்சத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் தற்செயலாக ஒரு வார்த்தை வாயில் வந்தது.

"நம்ம கட்டுரைய அரசாங்க உத்தரவுல மேற்கோள் காட்டப்போறாங்க சார்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "உத்தரவுலயா? என் பேரோடவா?"

"உங்க பேருதானே சார் முதல்ல இருக்கு."

அடுத்த வாய்தாவுக்குப் பல்கலைக்கழகக் காரில், டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்தவர்கள் கலெக்டரோ என்று எழுந்து நின்றார்கள். அவர் பிரமாணம் எடுத்துக்கொண்டு, விதைகளைத் தன் கையாலேயே சேகரித்ததாகக் கணீரென்று சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கதிர்கள், என் அரிவாள், என் உறைகள். என் அம்மாவின் நிலம் நிலைக்க வேண்டும் என்றால் அந்தப் பொய் நிலைக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் அவர் நன்றாகப் பொய் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. "சார், நீங்க பெரிய விஞ்ஞானி. அந்த வயலுக்கு உண்மையிலேயே போனீங்களா? போயிருந்தா நாலு பக்கத்துலயும் என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் ஞாபகம் இல்லைங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது. "வரப்புல வழுக்கி விழுந்துட்டேன். இந்தக் காலு. ஷூ உள்ளயே மாட்டிக்கிச்சு. இந்தம்மாதான் தோள் வரைக்கும் கைய விட்டு எடுத்துக் குடுத்தாங்க. வயல் பூரா கதிர் முத்தி நின்னுது. தரிசுன்னா அந்தளவுக்குச் சேறு ஏதுங்க? புது ஷூ. அதுக்கப்புறம் அத நான் போடவே இல்ல."

பதிவு அலுவலர் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். அவரும் டெல்டாக்காரர்தான், குத்தாலம் பக்கம். "எந்த மாசம் சார்?" என்று கேட்டார்.

"தை மாசம். பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும்."

அலுவலர் எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் வாய் ஓரத்தில் சிரிப்பு இருந்தது. அந்த மனிதர் அன்று சொன்னதில் முழு உண்மை அது ஒன்றுதான். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்மேல் இத்தனை வருடம் வைத்திருந்த கோபத்தை அன்றைக்கு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

காரில் ஏறும்போது அம்மா அவரைக் கும்பிட்டாள். "ரொம்ப நன்றிங்க சார். அந்த ஷூவ நல்லா கழுவித்தானுங்களே குடுத்தேன்?"

"நாத்தம் போகலம்மா" என்றார் அவர்.

மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது. அம்மாவின் பெயர் சாகுபடிதாரராகப் பதிவேட்டில் ஏறியது. மிராசுதாரின் மகன் மேல்முறையீட்டுக்குப் போய் அங்கும் தோற்றார். கம்பெனி எங்கள் நாலு மாவை விட்டுவிட்டுச் சுற்றியிருந்ததை வாங்கிக்கொண்டது. உத்தரவில் எங்கள் கட்டுரை இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டிலும் 'மேற்படி பேராசிரியர் மற்றும் பிறர்' என்றுதான். அந்தப் பிறர் நான்தான்.

அதற்குள் என் வேலை நிரந்தரமாகியிருந்தது. அடுத்த வருடம் பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வு. மேற்கோள் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஆறு என்று எழுதி, கூடவே உத்தரவின் நகலையும் இணைத்திருந்தேன். குழுவில் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது எந்த ஜர்னல்?"

"ஜர்னல் இல்லைங்க சார். தாலுகா ஆபீஸ் உத்தரவு."

"இத எப்படிம்மா கணக்குல எடுக்கிறது? படிவத்துல இதுக்கு இடமே இல்லையே."

அவர் சொன்னது சரிதான், இடம் இல்லை. எனக்கு அந்த முறை பதவி உயர்வு வரவில்லை. அதே மாதத்தில் துறைத் தலைவருக்கு ஒரு விருது கிடைத்தது. அவருடைய விண்ணப்பத்தில் சமூகப் பயன் என்று தனியாக ஒரு கட்டம் இருந்ததாம். அதில் அதே உத்தரவின் நகலை வைத்திருந்தார். பாராட்டு விழாவில், ஓர் ஏழை விவசாயியின் நிலத்தை அறிவியல் மீட்ட கதையை உணர்ச்சியோடு சொன்னார். ஷூ மட்டும் அதில் வரவில்லை. நான் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினேன். பாதி மனதோடு என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பலமாகத்தான் தட்டினேன்.

எனக்கு இரண்டு வருடம் கழித்துப் பணிமூப்பின்படி உயர்வு வந்தது. அதற்கு மேற்கோள் எதுவும் தேவைப்படவில்லை.

அந்தத் தையில் அறுவடைக்கு ஊருக்குப் போனேன். எங்கள் வயலில் குட்டையான, அரசாங்கம் கொடுத்த புது ரக நெல் நின்றது. மூன்று பக்கமும் இறால் குட்டைகளின் உப்பு கசிந்து, ஓரங்களில் பாதி கருகியிருந்தது.

"குழியடிச்சான் எங்கம்மா?"

"அத யாருடி வேக வெச்சுத் திங்கிறது? நிலம் நம்ம பேருக்கு வந்துருச்சுல்ல. நல்ல அரிசி போடலாம்னு போட்டேன்."

"கருகியிருக்கேம்மா."

"கருகாததுல நல்லா இருக்கு" என்றாள்.

ஆய்வகத்தில் நான் வைத்திருந்த விதை குளிர்பெட்டி நின்றுபோன ஒரு கோடையில் முளைப்புத்திறனை இழந்துவிட்டிருந்தது. அடுத்த ஆராய்ச்சிக்கு அந்த நெல் வேண்டும். அம்மாவிடம் ஒரு படிகூட இல்லை. பக்கத்து ஊரில் ஒரு வயதான அம்மாள் இன்னும் அதைப் பயிரிடுவதாகச் சொன்னார்கள். அவரும் குத்தகைக்காரர்தான், பதிவேட்டில் ஏறாதவர். நான் போய்க் கேட்டதும் மரக்காலில் அள்ளிக் கொட்டினார்.

"அந்த ஷூ சார் வரலையா?" என்று என் பின்னால் பார்த்தார். விசாரணைக் கதை அந்த ஊர் வரை போயிருந்தது.

"அவரு ரிட்டயர்டு ஆகிட்டாருங்க."

அவர் முகம் வாடிவிட்டது. கொட்டின நெல்லை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "சரி, நீங்களாவது வயலப் பாத்துட்டு, சர்வே நம்பரையும் எழுதிக்கிட்டுப் போங்க" என்று சொல்லி முன்னால் நடந்தார். நான் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு இறங்கினேன்.